தையல் மெஷின் பக்கத்து ஜன்னல்

எங்கள் வீடு பலாபத்வலையில், பிரதான வீதியை ஒட்டியே இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிகள் வீட்டை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் போகும். அப்படியொரு லொறி போன காலையில், முன்னறை ஜன்னலின் கண்ணாடி கழன்று விழுந்து நொறுங்கியது. கைதட்டலாம் போல அவ்வளவு சுத்தமாக நொறுங்கியது, ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அந்த ஜன்னலோரம்தான் என் மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். வீதிப் புழுதி துணியில் படியக்கூடாதே என்று பிஸ்கட் பெட்டி மட்டையை வைத்து ஓட்டையை அடைத்தேன். புழுதி நின்றது, கூடவே வெளிச்சமும் நின்றது. லைட்டைப் போட்டாலும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியவில்லை என்று முனகினாள்.

"டவுன்ல என் கூட்டாளி கடையில ஒரு மூலை சும்மாதான் கிடக்குது. மெஷினத் தூக்கிட்டு அங்கேயே வந்துருன்னு ரொம்ப நாளா கூப்பிடுறா. போயிரலாமான்னு பாக்குறேன்" என்றாள்.

நான் கச்சேரியில், அரசாங்க அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். பகல் முழுவதும் அந்த மெஷின் ஓடும் சத்தம்தான் எங்கள் வீட்டில் ஆள் இருப்பதற்கு அடையாளம். அவள் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்தால், நான் யாரோடு சண்டை பிடிப்பது? ஆனால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வேறொன்றைச் சொன்னேன்.

"ஒரு கண்ணாடி மாத்துறதுக்கா இவ்வளவு? நானே போட்டுத் தாரேன்."

"நீங்களா?" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே நான் ரோஷப்பட்டுவிட்டேன்.

கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ குளிர் நாட்டில் ஒருவர், வாழைப்பழம் உரிப்பது போல ஜன்னலைக் கழற்றி மாட்டினார். நம் ஜன்னலுக்கு அந்தப் பண்பு கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சுரண்டாமல், துடைக்காமல், பழைய பெயின்ட் மேலேயே புதுப் பெயின்ட் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அடித்தவனும் நான்தான். திருகாணிகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. சுரண்டிக் கண்டுபிடித்துத் திருகியதும் தலை மட்டும் உடைந்து கையோடு வந்தது. மூன்றாவது ஆணியில் பொறுமை போய் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். கீல் பிணைச்சல், மரத்துண்டு, ஜன்னல் கதவு எல்லாம் சேர்ந்து என் மடியில் விழுந்தன.

"கண்ணாடிதானே மாத்துறதா சொன்னீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எல்லாம் ஒரு ஒழுங்குலதான் போகுது" என்று பதில் சொன்னேன்.

அளவெடுக்க வேண்டும். என்னுடைய இரும்பு டேப்பை வில்கமுவையில் இருக்கும் மைத்துனர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அங்கிருந்து பஸ் வருவதே அரிது, டேப் எங்கே வரப்போகிறது? மெஷின் லாச்சியைத் திறந்து மனைவியின் துணி டேப்பை எடுத்து, கவனமாக அளந்து, மாத்தளைக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். நான் சொன்ன அளவுக்கு மயிரிழை பிசகாமல் வெட்டிக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறுபவர்களையெல்லாம் முறைத்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

கண்ணாடி சட்டத்துக்குள் போகவில்லை. இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மழைக் காலமல்லவா, ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து அடிக்கும் ஈரக்காற்றுக்கு மரம் ஊதிவிட்டது என்று முடிவு கட்டினேன். இவ்வளவு ஊதுமா என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. அதை ஒதுக்கிவிட்டு உளியை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தேன். கண்ணாடி உள்ளே போகவில்லை, சட்டத்தின் மூலைதான் பிளந்தது.

சத்தம் கேட்டு வந்தவள் டேப்பைக் கையில் எடுத்தாள்.

"இதுலயா அளந்தீங்க?"

"வேற எதுல?"

"ஒரு அங்குலம் கழிச்சீங்களா?"

"எதுக்குக் கழிக்கணும்?"

டேப்பின் நுனியைக் காட்டினாள். முனைத் தகடு எப்போதோ கழன்று, நூல் நூலாகப் பிரிந்துபோனதால், முதல் அங்குலத்தை அவளே கத்தரித்து எறிந்திருந்தாள். டேப் ஒன்றில்தான் தொடங்குகிறது. அவள் எத்தனை வருடங்களாக மனதுக்குள் ஒன்றைக் கழித்தே ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கச்சிதமாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள்!

"இத எங்கிட்ட சொல்ல வேணாமா?" என்று கத்தினேன்.

"நீங்க ஜாக்கெட் தைக்கப் போறீங்கன்னு நான் கண்டேனா?" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. கோபப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன்.

திரும்பவும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பெரிசா இருந்தா வெட்டலாம் மாத்தயா. சின்னதா இருந்திருந்தா என்ன செய்றது?" என்று சிங்களத்தில் ஆறுதல் சொல்லி, வெட்டிக் கொடுத்தார். அன்று மாலை அவள் கதவைப் பிடித்துக்கொள்ள, நான் பிளந்த மூலையைப் பசையும் ஆணியுமாக இறுக்கி, கண்ணாடியைப் பொருத்திக் கட்டைகளை அடித்தேன். கதவு சற்றுச் சாய்ந்துதான் தொங்கியது. மூடும்போது தூக்கிவிட வேண்டியிருந்தது. ஆனாலும் வெளிச்சம் வந்தது, புழுதி வரவில்லை.

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து வெள்ளைத் துணியை விரித்தாள்.

"போதுமா வெளிச்சம்?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா நாளைக்கு என் கூட்டாளிக்கு ஒரு பதில் சொல்லணும். கடை மூலையெல்லாம் துப்பரவு பண்ணி வச்சிருக்காளாம்."

பாடுபட்டதெல்லாம் வீணா என்று தோன்றியது. வெட்கமாவது ஒன்றாவது!

"போகாத" என்றேன். "நீ போயிட்டா பகல் முழுக்க இந்த வீட்ல நான் தனியா இருக்கணும். என்னால முடியாது."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"இத அப்பவே சொல்லியிருந்தா, ஒரு தச்சு வேலை பாஸைக் கூப்பிட்டு ஒழுங்கா வேலைய முடிச்சிருக்கலாமே" என்றாள். "சரி, போகல. வெளிச்சத்த மறைக்காம அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது.