பதூமுக்கு இருபது நிமிடம்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தாஹிராவின் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. ரேஷன் கார்டு, பட்டா நகல், ரயில் டிக்கெட், எதைக் கேட்டாலும் கணினியைத் தட்டிப் பதில் சொல்லிவிடுவாள். கணவர் இறந்தபின் தனியாளாய்க் கடையை நடத்துகிறவளுக்கு அந்தப் பெயர்தான் பலம்.

மாசி மாதத்தில் சிங்கவரத்து வள்ளியம்மாள் புருஷன் துரைக்கண்ணுவோடு வந்தாள். லடாக்கில் பதூம் என்ற ஊரில் சாலை வேலைக்குப் பொக்லைன் ஓட்டும் மகன் வெற்றிவேலுக்குக் கால் முறிந்துவிட்டது.

"லே வரைக்கும் ஃப்ளைட்டு இருக்குதாம். அங்கேர்ந்து பதூமுக்கு எப்டிம்மா போறது?"

தாஹிரா இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டாள். ஒரு பக்கம் திறந்தது. விமானப் பயண தூரம் நூறு கிலோமீட்டர், நேரம் இருபது நிமிடம். எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று எதுவும் இல்லை. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் கடையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இருபது நிமிஷம்தான்கா. லேல எறங்குனதும் டிக்கெட் வாங்கிக்கலாம்."

லே வரைக்கும் அவளே டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

நான்காம் நாள் காலையில் துரைக்கண்ணுவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள்.

"பதூம்ல ஏர்போர்ட்டே கெடையாதுன்றாங்கம்மா. ரோட்டயும் பனி மூடிக்குச்சாம். இப்ப நாங்க இன்னா பண்றது?" பேசப் பேச அவருக்கு மூச்சு வாங்கியது.

"விசாரிச்சிட்டு கூப்புட்றேண்ணா" என்றாள். அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடு போட்டு யாரோ கணக்குப் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்த அழைப்பை அவள் எடுக்கவில்லை. அதற்கடுத்ததையும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு யாருடைய ஆதாரையோ நகலெடுத்தாள். நகல் கோணலாக விழுந்தது.

பதினோரு நாள் லேயில் குளிரில் கிடந்துவிட்டு, மகன் முகத்தைப் பார்க்காமலே இருவரும் திரும்பினார்கள். கடைக்கு வரவில்லை. வள்ளியம்மாள் எதிர்ச்சாரியில் போகும்போதெல்லாம் தாஹிரா குனிந்து காகிதம் அடுக்கினாள்.

வைகாசியில் வெற்றிவேல் ஊருக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும் அவளால் இருக்க முடியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு சிங்கவரம் போனாள். நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வெற்றிவேல் எழ முயன்றான். "வாங்கக்கா. எங்க அம்மாவுக்கு டிக்கெட் போட்டுக் குடுத்தது நீங்கதானாமே. பனி வந்து கெடுத்துடுச்சு, இல்லன்னா வந்து பார்த்திருப்பாங்க."

தாஹிரா வள்ளியம்மாளைப் பார்த்தாள். அவள் முறத்தில் உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டைக் கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகனிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, அன்னைக்கி எனக்கே தெரியாமதான்…"

"தெரியும்மா" என்றாள் வள்ளியம்மாள். "தெரியலன்னு சொல்லியிருந்தா வேற யாரையாவது கேட்டிருப்போம். போனையாவது எடுத்திருக்கலாம்." குரல் உயரவில்லை. "ஒக்காரு, டீ வைக்கிறேன்."

வெற்றிவேல் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சந்தேகம் இருந்தும் இருபது நிமிடம் என்று சொன்னதையும், போன் அடித்தும் தான் எடுக்காததையும் தாஹிராவே அவனிடம் சொன்னாள். அவன் காலைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டு, "நைனாவுக்கு அங்க மூச்சே வுட முடியலியாம்" என்றான்.

டீ வந்தது. தாஹிரா வாங்கிக் குடித்தாள். தலையை மட்டும் நிமிர்த்த முடியவில்லை.