ஜெயம்மா வீட்டுக் கொடியும் ஆனை வயலினும்

எஹலியகொடைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதில் விஜயகலாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டையைச் சீவமாட்டாள். மரம் காயப்பட்டது என்று கங்காணி ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை.

அதே கையால்தான் அவள் டபிள் பேஸ் வாசிக்கிறாள். ஆளை விட உயரமான அந்த வாத்தியம், தோட்டத்துப் பழைய கிளப்பை மூடியபோது கோயில் சாமான் அறைக்கு வந்து சேர்ந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதற்கு ஆனை வயலின் என்று பேர். போனில் பார்த்தும், காதால் கேட்டும், சுரம் பேசும் இடங்களைப் பென்சிலால் குறித்தும் நாலு வருஷத்தில் பழகிக்கொண்டாள். கிருஷாந்த் நடத்தும் கல்யாணப் பாட்டுக் கோஷ்டியில் அவளுக்கு இப்போது ஓர் இடம் உண்டு.

அந்த இடம் இந்த வைகாசியில் ஆட்டம் கண்டது. விரல் நுனிகள் சிவந்தன, அரித்தன, பிறகு நீர்க் கொப்புளமாய் வெடித்தன. இரண்டு கல்யாணங்களில் பாதியிலேயே கையை எடுத்துவிட்டாள்.

"கலாக்கா, குறையா நெனைக்காதீங்க. அடுத்த மாசம் இருபத்தெட்டாந் தேதி கஹவத்தையில ஒரு கல்யாணம். அதுக்கும் கை சரிவரலன்னா மதுசனோட கீபோர்ட்லயே பேஸ் போட்டுக்குவோம். அப்புறம் அதுவே வழக்கமாயிரும்," என்றான் கிருஷாந்த்.

"கீபோர்ட் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்காது தம்பி."

"கொப்புளமும் வராதேக்கா."

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். றப்பர் தோட்டத்தில் கை வெந்தால் பாலைச் சொல்வார்கள். இல்லையென்றால் பாலை உறையவைக்கும் அசிட்டைச் சொல்வார்கள். அவளும் நம்பி, மூன்று வாரம் கையுறை போட்டு வெட்டினாள். ஒரு கொப்புளமும் குறையவில்லை.

மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்த நாட்களுக்குக் காலண்டரில் பெருக்கல் குறி போட்டு வைப்பது அவள் பழக்கம். கை வெந்த நாட்களுக்கும் பக்கத்திலேயே ஒரு வட்டம் போடத் தொடங்கினாள். மூன்று வாரம் முடிந்து பார்த்தபோது வட்டமெல்லாம் பெருக்கல் குறிகளின் மேலேயே விழுந்திருந்தன. மழை நாளில் அவள் பாலைத் தொடுவதே இல்லை. நாள் முழுக்கத் தொடுவது ஆனை வயலினின் கம்பிகளை மட்டும்தான்.

சின்ன வயதில் கவரிங் தோடு போட்டுக் காது புண்ணானது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளித் தோடு ஒன்றும் செய்ததில்லை. டவுன் டொக்டரிடம் காலண்டர் கணக்கையும் தோட்டுக் கதையையும் சிங்களத்தில் சொன்னாள். "பாதி வைத்தியத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அது நிக்கல். கவரிங்கிலும் இருக்கும், கம்பியிலும் இருக்கும். உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது," என்றார் அவர்.

கொழும்பு இசைக் கடைக்குப் போன் போட்டாள். இருப்பதெல்லாம் உலோகக் கம்பி. எதில் நிக்கல் இல்லை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. உலோகமே இல்லாத ஆட்டுக் குடல் நரம்பை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க இரண்டு மாதமாகும். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

விடுவாளா? விரல்களைப் பாலில் தோய்த்துக் காயவைத்து, தானே உறை செய்துகொண்டாள். றப்பர் கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. பூனை வாலை மிதித்தது போல ஒரு கத்தல் எழுந்ததில் லயத்து நாய்கள் ஒன்றுபோலக் குரைத்தன.

மறுநாள் பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் கொடியில் ஈரச் சேலையைப் போட்டாள். கொடி 'தும்' என்றது. சேலையை எடுத்துவிட்டு விரலால் சுண்டினாள். மறுபடியும் 'தும்'.

"ஜெயம்மாக்கா, இந்தக் கொடி என்னத்துல கட்டுனீங்க?"

"புல்லு வெட்டுற மெஷின் நூலு. அவரு கொண்டாந்தாரு. ஏண்டி, சேல காயலயா?"

"சேல கெடக்கட்டும்க்கா," என்றவள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

டவுனில் றஊப் நானாவின் இரும்புக் கடையில் நைலோன் நூல் எல்லாத் தடிப்பிலும் இருந்தது.

"புல்லு வெட்டவா புள்ள?"

"இல்ல நானா, பாட்டுக்கு."

நானா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இத வாங்கிப் பாடின ஒருத்தரையும் நான் காணல்ல."

நூலைக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்து ஒவ்வொன்றாகச் சுண்டினாள். இரண்டு மில்லிமீட்டர் நூல் மேல் சுருதியில் பேசியது. நாலு மில்லிமீட்டருக்கு வந்தபோது நானாவே காதைக் கிட்டக் கொண்டுவந்திருந்தார்.

"இது எங்கட வாப்பாட கொறட்டயேதான்," என்றார். "இதையும் எடு."

வீட்டுக்கு வந்தால் தடித்த நூல் முறுக்காணித் துளைக்குள் நுழையவில்லை. பால்வெட்டுக் கத்தியை எடுத்து, பட்டை சீவுவது போலவே நுனியைச் சுற்றிச் சுற்றி இழைத்தாள். நாலு தடவையில் நூல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கம்பி படியும் காடிகளை அரத்தால் அகலப்படுத்தினாள். ஆனை வயலின் முதல் தடவை பேசியபோது சுவரில் சாய்த்திருந்த தட்டு அதிர்ந்தது. தனியாக நின்று சிரித்தாள்.

நைலோனுக்கு இழுபடும் குணம் உண்டு. காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் இறங்கிவிடும். பத்து நாளும் விடாமல் முறுக்கினாள். இறக்கம் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை.

கஹவத்தைக்குப் போன வேனில் மதுசனின் கீபோர்டும் உறையோடு வந்தது. மேடையில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் காதை வாத்தியத்தின் கழுத்தில் வைத்து முறுக்காணியைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது பாட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து ஆட, பந்தலில் பாதிப் பேர் பின்னால் எழுந்தார்கள். ஒரு பாட்டிலும் அவள் கையை எடுக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே மழை. காலண்டரில் பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு மத்தியானம்வரை வாசித்தாள். கிருஷாந்த் குடையோடு வந்து நின்றபோது பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். நுனிகள் காய்த்திருந்தன, அவ்வளவுதான்.

"அப்ப அந்தக் கீபோர்ட இனி வீட்லயே விட்டுட்டு வரச் சொல்லட்டாக்கா?"

"கொண்டாரட்டும். வேன்ல ஆனை வயலின் உருளாம இருக்க முட்டுக் கொடுக்கலாம்," என்றாள் விஜயகலா.