என் பாடத்தில் அண்ணனுக்கு நூறு

கம்பெனிகளுக்கு ஆன்லைன் பயிற்சிப் பாடங்கள் செய்து கொடுப்பது என் வேலை. செங்கல்பட்டில் வீட்டிலிருந்தே செய்கிறேன். போன வருடம் ஒரு தொழிற்சாலைக்காகப் பாதுகாப்புப் பாடம் ஒன்று செய்தேன். திரையில் தெரியும், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் பாதுகாப்பு மூடியை விரலால் இழுத்து மூடினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அந்த ஒரு பக்கத்துக்கே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

என் அண்ணன் வேலை செய்வதும் அந்தத் தொழிற்சாலையில்தான். அங்கே சூப்பர்வைசர் எல்லோருடைய போனையும் வாங்கி, மேஜையில் வரிசையாக வைத்து, தானே இழுத்து இழுத்து முடித்துவிட்டாராம். எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழிற்சாலை ஆபீஸில் பேசினேன். "ரிசல்ட் நல்லாத்தானே மேடம் இருக்கு?" என்றார்கள்.

போன மாதம் அண்ணனின் வலது கை ஆள்காட்டி விரல் நசுங்கியது. அவசரத்தில் மூடியைத் திறந்துவைத்தே மெஷினை ஓட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவன் போனுக்குத் தகவல் வந்தது. அதே பாடத்தை மறுபடி முடித்தால்தான் வேலைக்கு வரலாமாம்.

போனை என்னிடம் நீட்டினான். "கையி இப்டி கீது, நான் எங்க இழுக்கறது? நீயே முடிச்சுக் குடுத்துடு."

முடியாது என்று கத்தினேன்.

"அப்ப நான் வேலைக்குப் போவ வேணாங்கிறியா?"

மூடியை இழுத்து மூடினேன். அண்ணன் பெயரைப் போட்டு 'வாழ்த்துகள்' என்று திரை முழுக்கப் பூ கொட்டியது. முடித்தவர்கள் சந்தோஷப்படட்டும் என்று அந்தப் பூவையும் நான்தான் வைத்திருந்தேன்.