வாகனத் தரிப்பிடத்துக் கலந்துரையாடல்

ரொறன்ரோவில் ஒரு தமிழ்ப் புத்தகம் வெளியிடப்பட்டால், அதைப் பற்றிய உண்மையான அபிப்பிராயம் மண்டபத்துக்குள் கிடைக்காது. மேடையில் ஏறுகிற எல்லோரும் நூலாசிரியரை வாழ்த்துவார்கள். வடையும் தேநீரும் முடிந்து, சனம் வெளியே வந்து, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் 'ஆனால்' என்ற சொல் வரும். ஸ்காபரோவில் ஒரு தமிழ் வாரப்பத்திரிகையில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். விழாக்களுக்குப் போனால் பேச்சுகளை மண்டபத்தில் குறித்துக்கொள்வேன். செய்தியை வாகனத் தரிப்பிடத்தில் கேட்பேன். பிரசுரிக்க முடிந்தது முதலாவதை மட்டும்தான்.

தமிழரல்லாத ஒருவருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்திலுள்ள சமூக நிலையத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஆபிரிக்க அமெரிக்கர்கள் எடுத்த சுயாதீனப் படங்களைக் காட்டி வந்த பெண்ணுக்கும் தெரியாது. அவர் டெற்றோயிற்றில் பிறந்து, கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விளம்பரம் கொடுக்கக் காரியாலயத்துக்கு வந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன்.

"என் பஸ்ஸில் ஏறிய தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுடைய தாய் தகப்பன் படம் பார்க்க வரமாட்டார்களா?" என்று கேட்டார்.

எப்படிப்பட்ட படங்கள் என்று கேட்டேன். "துவக்கு இல்லாத படங்கள்" என்றார். கறுப்பினத்தவரின் படம் என்றால் ஒன்றில் அடிமைக் காலம், இல்லாவிட்டால் துப்பாக்கிச் சூடு என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். தன்னுடைய ஆட்கள் முட்டை பொரிப்பதையும், மாமியோடு கொழுவுவதையும், ஒழுகுகிற கூரையைத் திட்டுவதையும் எடுத்த நல்ல படங்கள் தியேட்டருக்கு வராமலே போய்விடுகின்றன என்றார். அவர் சொன்னதை அப்படியே ஒரு சின்னச் செய்தியாகப் போட்டேன்.

எங்கள் ஆட்கள் வந்தார்கள். செய்தியின் பலம் என்று சொல்லமாட்டேன். அனுமதி இலவசம், கார் விட இடம் இருந்தது, குளிர் காலத்தில் மண்டபம் நல்ல சூடு. அஜக்ஸிலிருந்து ஒரு அண்ணை மனைவியோடும் மகளோடும் வந்தார். அவர் அமெரிக்காவுக்கு லொறி ஓட்டியவர். "அமெரிக்காவை நான் ஹைவேயாலதான் பாத்தனான், தம்பி. வீடுகளுக்குள்ள பாக்கேல்ல" என்று வந்த காரணத்தைச் சொன்னார். ஸ்ரௌவ்விலிலிருந்து ஒரு அன்ரி வந்தார். "வெடிச் சத்தம் கேட்டா எழும்பிப் போயிடுவன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்று நிபந்தனை போட்டுத்தான் முதல் நாள் உட்கார்ந்தார். மண்டபத்துக்குள் சாப்பாடு, பானம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே அவருடைய தேத்தண்ணி பிளாஸ்க் காரிலேயே இருக்கும்.

கறுப்பினத்தவரைக் குறிக்க எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் பாவிக்கும் மரியாதையற்ற ஒரு சொல் உண்டு. முதல் இரண்டு மூன்று மாதம் அண்ணையும் அதைத்தான் பாவித்தார். பிறகு எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது. யாரும் திருத்தவில்லை.

ஒவ்வொரு படமும் முடிந்ததும் அந்தப் பெண் விளக்குகளைப் போட்டு, இரண்டு கதிரைகளை முன்னால் இழுத்துவைத்து, கலந்துரையாடலைத் தொடங்குவார். முன்வரிசையில் வழக்கமாக இருக்கும் சிலர் பேசுவார்கள். எங்கள் ஆட்கள் "வெரி நைஸ்" என்று சொல்லி, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு எழும்பிவிடுவார்கள். ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் ஆட்களுக்குப் படங்கள் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். பிடிக்காவிட்டால் திரும்ப வந்திருக்க மாட்டார்கள் என்றேன். அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை.

வசந்தம் தொடங்கி, தரிப்பிடத்தின் ஓரத்தில் பழைய பனி கறுத்த குவியலாகக் கிடந்த ஒரு ஞாயிறு, மிச்சிகனிலிருந்து ஒரு இளம் பெண் இயக்குநர் தன் முதல் படத்தோடு வந்தார். விடியவே புறப்பட்டு, தானே காரை ஓட்டி வந்திருந்தார். படம் இன்னும் முழுதாக முடியவில்லை. கதிரைகளை அடுக்கும்போது, படங்களைக் காட்டும் அந்தப் பெண், எங்கள் ஏற்பாட்டாளர், எனக்கு விஷயத்தைச் சொன்னார். படத்தை வாங்க ஒரு விநியோகஸ்தர் சம்மதித்திருக்கிறார். ஒரு நிபந்தனை. கடைசிக் காட்சியில் பேச்சே இல்லை, அது சனத்துக்கு விளங்காது, வசனம் எழுதித் திரும்ப எடுக்க வேண்டும். படப்பிடிப்பு அடுத்த கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. இயக்குநருக்கு மனமில்லை. சாதாரண சனத்துக்குக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்றுதான் எல்லை கடந்து வந்திருக்கிறார்.

கதை சிறியது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தனியாக இருக்கிறார். கண்பார்வை குறைந்துகொண்டு வருகிறது. மகள் வந்து வீட்டை விற்று, அவரைத் தன்னுடைய ஊருக்குக் கூட்டிப்போகச் சாமான்களைக் கட்டுகிறாள். அவர் பிடித்துப் பிறீசரில் சேர்த்து வைத்திருக்கும் மீனை என்ன செய்வது என்பதில் தொடங்கி, எல்லாவற்றுக்கும் சண்டை. கடைசியில் இருவரும் காரில் ஏறுகிறார்கள். தகப்பன் பெல்ற்றைப் போடுகிறார். மகள் காரைக் கிளப்பும் திறப்பில் கை வைத்தபடி இருக்கிறாள். காரை எடுக்கவில்லை. ஒருவரும் பேசவில்லை. மெல்ல ஒரு வயலின் கேட்கிறது. திரை இருள்கிறது.

விளக்குப் போட்டார்கள். இயக்குநர் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கேட்டார்: "கடைசியில் அவர்கள் பேசாமல் இருந்தது உங்களுக்குக் குறையாகத் தெரிந்ததா?"

முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு முதியவர், தகப்பனாக நடித்தவரைத் தனக்குப் பிடித்தது என்றார். இன்னொருவர் அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். பிறகு அண்ணை கையை உயர்த்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"வெரி நைஸ் மூவி. கொங்கிராஜுலேஷன்ஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜக்கெற்றுகள் சரசரத்தன. எங்கள் வரிசைகள் காலியாகின. இயக்குநர் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு மடிக்கணினியை மூடிக்கொண்டு ஏற்பாட்டாளரிடம், "விநியோகஸ்தர் சொன்னதுதான் சரி. விளங்கவில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. அடுத்த கிழமை எடுத்துவிடுகிறேன் என்றார். அவருடைய வயர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடவே வெளியே போனேன்.

அவருடைய கார் தரிப்பிடத்தின் அந்தத்தில் நின்றது. அதற்கு முன்னால் அண்ணையின் வான். வானின் பின்கதவு திறந்திருந்தது. அன்ரி பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய குரல் றோட்டு வரைக்கும் கேட்டது.

"முடிக்கத் தெரியாம விட்டிட்டாள் அந்தப் பிள்ளை. ரெண்டு பேரையும் காருக்குள்ள இருத்திப்போட்டு லைற்றை நூத்தா, அது ஒரு முடிவே?"

"உங்களுக்கு விளங்கேல்ல எண்டு சொல்லுங்கோ" என்றார் அவருடைய மனைவி.

"எனக்கோ விளங்கேல்ல? மகள் ஏன் காரை எடுக்கேல்ல, சொல்லு பாப்பம். தகப்பன் 'நான் வரேல்ல, என்னை இறக்கிவிடு' எண்டு ஒரு சொல்லுச் சொல்லமாட்டாரோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னா உடன இறக்கி விட்டிடுவாள்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை" என்றார் அன்ரி. "அந்த மனிசன் பெல்ற்றையும் போட்டிட்டு ரெடியா இருக்கிறார். அவளுக்குத்தான் பயம். 'அப்பா, என்ர வீடு உங்களுக்குச் சரிவருமோ' எண்டு கேக்க வாய் வரேல்ல. கேட்டிருந்தா, 'நீ முதல்ல றோட்டைப் பாத்து ஓடு' எண்டிருப்பார்."

"ரெண்டு பேரும் பிழை" என்றார் மனைவி. "அவர் பிறீசரை நினைச்சுக்கொண்டிருக்கிறார். பிளக்கைக் கழட்டினதோ இல்லையோ எண்டு. 'மீன் கிடக்குது பிள்ளை' எண்டு சொன்னா அவள் திரும்பவும் கத்துவாள் எண்டு பேசாம இருக்கிறார்."

"நீயும் உன்ர மீனும்!" என்றார் அண்ணை.

வானுக்குள் இருந்த மகள் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, ஷீ இஸ் ரைற் பிஹைண்ட் யூ."

அண்ணை திரும்பினார். இயக்குநரைக் கண்டார். "வெரி நைஸ் மூவி" என்றார்.

அன்ரி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி வெளியே சிந்தியது. இயக்குநர் சிரிக்கவில்லை. "என்ன சொல்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார். பத்திரிகைப் பழக்கத்தில், பெரிய செய்தியை முதலில் சொன்னேன்: உங்களுக்குப் படத்தை முடிக்கத் தெரியாதாம்.

"உதையோ முதல்ல சொல்லுறது?" என்று அண்ணை என்மேல் பாய்ந்தார். "பேப்பர்க்காரர் எண்டா உப்பிடித்தான்."

பிறகு மூன்று பேர் சொன்னதையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். இறக்கிவிடு என்று தகப்பன் சொல்லக்கூடும் என்பதை. என் வீடு சரிவருமா என்று மகள் கேட்காமல் விட்டதை. மீனை. இயக்குநர் ஒவ்வொருவராகப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வசனம் ஒன்றும் படத்தில் இல்லை" என்றார்.

"இல்லை. இவர்கள் போட்டது."

அவர் வானில் சாய்ந்து நின்றார். அன்ரி ஒரு கடதாசிக் கோப்பையை நீட்ட, வாங்கிக்கொண்டார். "அடுத்த கிழமை நான் எழுத வேண்டியது இதைத்தான்" என்றார். "எதை எழுதினாலும் மற்ற இரண்டு பேரும் என்னை விடமாட்டார்கள் போலிருக்கிறது."

நான் இதைத் தமிழில் சொன்னதும் அண்ணைக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப இன்னொண்டும் சொல்லட்டோ? அந்த வயலின் ஏன்? அவையள் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்கினம், அது கதைச்சுக்கொண்டிருக்குது. இப்ப அழுங்கோ, இப்ப அழுங்கோ எண்டு எங்களுக்குச் சொல்லித் தருது."

நான் இதை மொழிபெயர்த்ததும் இயக்குநரின் முகம் மாறியது. "அது என்னுடைய தம்பி வாசித்தது" என்றார்.

அண்ணை நாக்கைக் கடித்தார். சற்று யோசித்தார். "தம்பி நல்லா வாசிச்சிருக்கிறார் எண்டு சொல்லுங்கோ. ஆனா அதில வேண்டாம்."

மண்டபத்தைப் பூட்டும் திறப்புக் கோர்வையோடு, இயக்குநரைத் தேடிக்கொண்டு ஏற்பாட்டாளர் வந்தார். திறந்த வான், ஆவி பறக்கும் கோப்பைகள், கையை ஆட்டிப் பேசும் அண்ணை, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். "கலந்துரையாடல் இங்கேயா நடக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். "எவ்வளவு காலமாக?"

"எப்போதும்" என்றேன்.

அடுத்த மாதத்திலிருந்து அவர் கதிரைகளை முன்னால் இழுக்கவில்லை. தரிப்பிடத்துக்குத் திறக்கும் பக்கக் கதவுக்கு வெளியே ஒரு மேசையைப் போட்டு, அதில் தேத்தண்ணி வைத்தார். முன்வரிசைக்காரர்கள் குளிரைப் பற்றி முறைப்பட்டார்கள். பிறகு தடித்த கோட்டுகளோடு வந்தார்கள். தொப்பிக்கார முதியவரும் அண்ணையும் ஒருவர் தோளில் ஒருவர் தட்டித் தட்டி ஆங்கிலத்தில் வாதாடுவார்கள். அண்ணையின் ஆங்கிலம் அதற்குப் போதுமானதாக இருந்தது. மண்டபத்துக்குள் அது ஏன் போதாமல் போனது என்று நான் கேட்கவில்லை.

இயக்குநர் படப்பிடிப்பை நிறுத்திவிட்டார் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். அந்த விநியோகஸ்தர் விலகிக்கொண்டார். சில காலம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு சின்ன நிறுவனம் படத்தை எடுத்தது. அதிகம் பேர் பார்க்கப்போவதில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் அவர் எடுத்தபடியே பார்ப்பார்கள். அடுத்த வசந்தத்தில், முடித்த படத்தோடு அவர் எங்கள் மண்டபத்துக்குத் திரும்ப வந்தார்.

கடைசிக் காட்சியில் வசனம் இல்லை. வயலினும் இல்லை. பெல்ற் பூட்டுப்படும் சத்தமும், அதற்குப் பிறகு மகளின் மூச்சும் கேட்டன. எங்கள் மண்டபத்தின் ஹீற்றர் ஓடுகிற சத்தம் கூடக் கேட்டது. விளக்குப் போடும் வரைக்கும் ஒருவரும் ஜக்கெற்றைத் தொடவில்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது முன்னால் இயக்குநர் இல்லை. அவர் எல்லோருக்கும் முதலே வெளியே போய், அண்ணையின் வானுக்குப் பக்கத்தில், கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றார். அண்ணை வந்தார்.

"வெரி நைஸ்" என்றார்.

இயக்குநர் தேத்தண்ணியைக் குடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அசையவில்லை. அண்ணை மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அதற்குள் அவருடைய மனைவி முந்திக்கொண்டார்.

"தம்பி, பிறீசரின்ர பிளக்கைக் கழட்டினதோ இல்லையோ, அதை மட்டும் அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். இயக்குநர் தலையை ஆட்டினார். "சொல்லமாட்டேன்" என்றார்.

"அவளுக்கும் தெரியாது" என்றார் அண்ணை. வானின் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில் வசதியாக உட்கார்ந்தார். "நான் சொல்லுறன், கேளுங்கோ."