போன் பக்கத்து நாற்காலி

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு போன் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. வீடு பல்லடத்தில், நான் செக்கிங் பார்த்த பனியன் கம்பெனி அருள்புரத்தில். பகலெல்லாம் அவர் தனி. நடந்தால்தான் கால் வரும், விட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பனியனில் ஓட்டை தேடுவேன்.

டீ டைமில் ஆபீஸ் போனில் ஒரு நிமிடம் பேச மேனேஜர் விட்டிருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்க்கிற பார்வையில் எனக்கு நாக்கே எழாது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, நடந்தீங்களா என்று அவசர அவசரமாகக் கேட்பேன். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் ஆச்சு என்பார். முதல் மணிக்கே எடுத்துவிடுவார். எவ்வளவு தேறிவிட்டார் பார் என்று பக்கத்து டேபிள்காரியிடம் பீற்றிக்கொள்வேன். ஆனால் எங்கள் கம்பெனியில் டீ டைம் என்பது பெயருக்குத்தான். ஷிப்மென்ட் நெருங்கினால் டீ எப்போது வரும் என்று முதலாளிக்கே தெரியாது.

ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மேனேஜர் தொண்டையைச் செருமினார். செருமட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். வழியில் கை காட்டியவர்களையெல்லாம் ஏற்றிய அந்த டிரைவரை மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

வீட்டில் போன் பக்கத்து நாற்காலி காலி. கொல்லைக்கு ஓடினேன். என் கை இல்லாமல் குளிக்காத மனிதர், துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து தானே சொம்பில் மோந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. போன் அடித்தது காதில் விழவில்லையா என்று கத்தினேன்.

"விழுந்துது புள்ள. வேணுமின்னேதான் எந்திரிக்கல," என்றார். "நீ எப்பக் கூப்புடுவீன்னு தெரியாது. எடுக்காட்டிப் பயந்துக்குவ. அதனால தெனமும் காலைல இருந்து போன் பக்கத்து நாற்காலிலயே குக்கியிருப்பேன். நடந்தேன்னு சொன்னதெல்லாம் சும்மா. எந்திரிச்சுப் போற சோலி வந்துருமுன்னு தண்ணிகூடக் குடிக்கறதில்ல. இப்பிடியே இருந்தாப் படுக்கைதான்னு இன்னைக்குத்தான் எந்திரிச்சு வந்தேன்."

 துவட்டி உள்ளே கூட்டிவந்து, சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். வாயில் வைத்த நேரம் போன் அடித்தது. கம்பெனியாகத்தான் இருக்கும். அவர் அவசரமாகச் சொம்பைக் கீழே வைக்கப் போனார். நான் அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்கட்டுமுங்க. நீங்க குடிங்க."