கண்ணாடியில் பதினொரு கோடுகள்

வேன் அக்காவுக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள். ஏழு பத்துக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்னால் முதல் ஹாரன். ஏழு நாற்பதுக்குப் பாலத்தடியில் கடைசிக் குழந்தை. எட்டு மணிக்குள் பள்ளிக்கூட வாசல். பதினாறு வருடங்களாக இதே கதைதான். ஏறும்போது பதினான்கு குழந்தைகள், பதினான்கு பைகள், பதினான்கு தண்ணீர் பாட்டில்கள். இறங்கும்போது பாட்டில் மட்டும் எப்போதும் பதின்மூன்றாகிவிடும். அந்தப் பதினான்காவது பாட்டிலைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவாள்.

முதலில் வேன் வாங்கியது அவள் ஓட்டுவதற்காக இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுபவர். அந்த வேலையை விட்டுவிட்டு வேன் ஓட்டலாம் என்றுதான் வாங்கினார். லைசென்ஸுக்கான கண் பரிசோதனையில் மூன்றாவது வரியிலேயே தடுமாறி, அச்சடித்தவன் சரியில்லை என்று டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். வாசலில் வண்டி நின்றது, ஓட்ட ஆள் இல்லை. சலவைக்கடைத் துணிகளை மொபெட்டில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி, நான் கற்றுக்கொள்கிறேன் என்றாள். அவளுக்குக் கடைசி வரிவரைக்கும் தெரிந்தது. "எங்க வீட்ல கண்ணு அவளுக்கு, வாய் எனக்கு" என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கண்ணில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மற்ற டிரைவர்கள் இடித்துக்கொண்டு வந்து நின்றால், "ரோட்டைப் பார்த்து ஓட்டணும், வானத்தைப் பார்த்து இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவாள். சொன்னவளுக்கே அந்தச் சொல் திரும்பி வரும் என்று அப்போது யார் கண்டது.

ஒருநாள் ஜல்லி ஏற்றிப்போன லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. முன் கண்ணாடியில், டிரைவர் இருக்கைக்கு எதிர்ப்பக்க மூலையில், கடுகளவு ஒரு புள்ளி. அன்றைக்கு மத்தியானமே பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனாள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

கடைக்காரர் புள்ளியின்மேல் நகத்தை வைத்துப் பார்த்தார். "இப்பவே விடுங்க, அரை மணி நேர வேலை. பசையை இறக்கி அடைச்சிடலாம். விரிசல் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா முழுக் கண்ணாடியும் மாத்தணும். மாத்தினா பசை காயிறவரைக்கும் வண்டியை எடுக்க விடமாட்டேன்."

"இப்ப ஸ்கூல் விடுற நேரம். வெள்ளிக்கிழமை வரேன்."

"காத்து வராம இருக்கத்தான் கண்ணாடின்னு நினைச்சுக்காதீங்க. வண்டி உருண்டா கூரையைத் தாங்கிப் பிடிக்கிறதுல இதுக்கும் பங்கு இருக்கு. விரிசல் விட்ட கண்ணாடி தாங்காது."

"வெள்ளிக்கிழமை கண்டிப்பா வரேன்."

எந்த வெள்ளிக்கிழமை என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்காக வக்காலத்து வாங்குவதென்றால் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பரீட்சைக் காலம், மாற்று வண்டி கிடையாது, ஒரு நாள் நின்றால் பதினான்கு வீடுகளில் சிக்கல். எல்லாம் நியாயம்தான். ஆனால் இத்தனை வாரங்களில் அரை மணி நேரம் கிடைக்காத மனிதர் உலகத்தில் யாரும் இல்லை. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலிக்கு வளர்த்துவிடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் இல்லை. ஓடி ஓடி உழைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள்.

பனிக்காலம் வந்தது. கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் போக்க ஒரு காலையில் சூடான காற்றைத் திறந்துவிட்டாள். புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நீளத்துக்கு ஓடி நின்றது.

"ஆன்ட்டி, கோடு நடக்குது" என்றாள் முதல் வரிசைப் பெண். ஒன்பது வயது, வாய் மட்டும் முப்பது. பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதும் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, விரிசல் முடிந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினாள். அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை விரிசல் இன்னும் ஒரு விரல் தள்ளிப் போயிருந்தது. இன்னொரு கோடு, இன்னொரு தேதி.

அதற்குப் பிறகு வேனுக்குள் அதுவே விளையாட்டாகிவிட்டது. எங்கே வந்து நிற்கும் என்று ரப்பரும் ஸ்டிக்கரும் வைத்துப் பந்தயம் கட்டினார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பதினான்கு கழுத்துகள் முன்னால் நீண்டன. வேன் அக்காவும் ஒருமுறை பந்தயம் கட்டி, ஒரு பென்சில் சீவி ஜெயித்தாள். அதை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவளுக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்.

நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் தினமும் அவளுக்குக் கையசைப்பார். எட்டாவது கோட்டு வாக்கில் ஒருநாள் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"அக்கா, விரிசல் உங்க பார்வைக்கு நேரா வந்துருச்சு. இப்படி வண்டி ஓட்டவே கூடாது. அபராதத்தோட போயிடும்னு நினைக்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சே ஓட்டினீங்கன்னு கேஸ் உங்க தலையில விழும். இன்சூரன்ஸ்காரங்களும் கையை விரிப்பாங்க. நானும் எத்தனை நாளைக்குப் பார்க்காத மாதிரி நிக்கிறது?"

"பழகிப்போச்சு தம்பி. கோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் பொய் சொல்லவில்லை. பழகித்தான் போயிருந்தது. கழுத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்தால் கோட்டுக்குக் கீழே ரோடு தெரிந்தது. ராத்திரி கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். தலையணை சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, புதுத் தலையணைகூட வாங்கினாள்.

பதினோராவது கோடு போட்டதற்கு அடுத்த திங்கட்கிழமை. பள்ளிக்கூடத் தெருவுக்குத் திரும்பும் இடம் கிழக்குப் பார்த்தது. பனி விலகி, வெயில் தாழ்வாக எதிரே நின்றது. வண்டி திரும்பியதும் விரிசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெள்ளையாகப் பற்றிக்கொண்டது. கழுத்தைச் சாய்த்தாள். எந்தப் பக்கம் சாய்த்தும் ரோடு இல்லை. பிரேக்கில் கால் போவதற்குள் முன்பக்கம் எதுவோ மோதிய சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி, கேட் மாமா" என்று முதல் வரிசைப் பெண் கத்தினாள்.

பள்ளிக்கூட வாசற்காவலரைக் குழந்தைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சிவப்பு நிறத்தில் 'நில்' என்று எழுதிய போர்டைத் தூக்கிப் பிடித்து வண்டிகளை நிறுத்தி, குழந்தைகளைச் சாலையைக் கடக்க வைப்பது அவர் வேலை. அவர் ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தார். போர்டு இரண்டு அடி தள்ளி வானத்தைப் பார்த்துக் கிடந்தது. நல்லவேளை, அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த குழந்தைகள் நடைபாதையை விட்டு இறங்கியிருக்கவில்லை. வேனுக்குள் ஒரு பையனுக்கு உதட்டில் ரத்தம். தண்ணீர் பாட்டில்கள் இருக்கைகளுக்கு அடியில் உருண்டுகொண்டே இருந்தன.

ஆம்புலன்ஸில் ஏற்றுமுன் கேட் மாமா, விசாரிக்க வந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். "என்மேலதான் தப்பு. நான் பார்க்காம இறங்கிட்டேன். போர்டைக்கூடத் தூக்கல. எழுதிக்கோங்க."

அவள் பக்கத்தில்தான் நின்றாள். பதினாறு வருடத்தில் போர்டைத் தூக்காமல் அவர் ஒரு நாளும் ரோட்டில் கால் வைத்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியை அசைக்கக் கூடாது, மூன்று மணிக்கு வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று சொல்லி, வேனைப் பள்ளிக்கூட வளாகத்துக்குள் நிறுத்திவைத்தார்கள். அலுவலக அறையில் எழுத்தர் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

"தோள்பட்டை எலும்பு முறிஞ்சிருக்காம். அவர் தப்புன்னு அவரே சொல்லிட்டாரே. அப்ப சிகிச்சை அவர் பாடு. வேலையையும் யோசிக்கணும்னு பேசிக்கிறாங்க. வாசல்ல நிக்கிறவரே பார்க்காம இறங்கினா, பிள்ளைங்களை எப்படி அவரை நம்பி விடுறது?" எழுத்தர் கெட்டவர் இல்லை. படிவத்தில் என்ன இருந்ததோ அதைச் சொன்னார்.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். கையில் பட்டறையில் வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலும் ஒரு துணியும். வேனுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாக, கிட்டத்தில் கண்ணை வைத்துப் படித்தார். மூன்றாவது வரி தெரியாத மனிதருக்கு அன்று எல்லாம் தெரிந்தது.

"ஏம்மா, இது என்ன, நாமே எழுதிவச்ச வாக்குமூலமா? பதினோரு வாரம் தெரிஞ்சே ஓட்டினேன்னு கண்ணாடியில எழுதி ஒட்டியிருக்கே. ஒரு துடை துடைச்சிடலாம். விரிசல் இன்னிக்குப் பிரேக் போட்டப்ப வந்ததுன்னு சொல்லிடு. யாரு கேக்கப்போறா?"

"வேண்டாங்க."

"பதினாறு வருஷம் போயிடும். குழந்தைங்களை ஏத்துற பெர்மிட்டை ஒருதடவை பிடுங்கினா திரும்ப வாங்குறது லேசுன்னு நினைக்கிறியா? அந்த மனுசனே உன்னைக் காப்பாத்தணும்னுதான சொல்லியிருக்காரு."

"அதான் வேண்டாங்கறேன். என்னைக் காப்பாத்த அவர் வேலை போகணுமா? அவர் போர்டைத் தூக்கிட்டுத்தான் நின்னாருங்க. எனக்குத்தான் தெரியல."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவளுக்கு அழுகை முட்டியது. அவமானம்தான் அது, வேறொன்றுமில்லை. கண் தெரியும் என்ற ஒன்றை வைத்துத்தான் அந்த வீட்டில் அவள் நிமிர்ந்து நடந்திருந்தாள். வீட்டுக்காரர் ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திறந்து, மோந்து பார்ப்பதுபோல வைத்திருந்து, திரும்ப மூடினார்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கேட்டார். "இந்த விரிசல் பிரேக் அடிச்ச அதிர்ச்சியில வந்ததா?"

கேள்வியிலேயே பதிலும் இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளால் முடியும் போலத்தான் இருந்தது. அவள் எட்டி, கண்ணாடியின் ஓரத்தில் இருந்த முதல் கோட்டின்மேல் விரலை வைத்தாள். தேதியை வாசித்தாள். அடுத்ததை வாசித்தாள். பதினொன்றையும் வாசித்து முடித்துவிட்டு, "எல்லாம் எனக்குத் தெரியும் சார். அவர் போர்டைத் தூக்கிட்டுத்தான் நின்னாரு. அதை எழுதிக்கோங்க" என்றாள்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். வேன் ஓடக் கூடாது என்றானது. குழந்தைகளை ஏற்றும் அனுமதி ஒரு வருடத்துக்கு நிறுத்தப்பட்டது. வழக்கும் அவள் பேரில்தான். கேட் மாமாவின் சிகிச்சைச் செலவு அவர் தலையை விட்டு இறங்கியது. வேலையைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் அவர் பொரிந்து தள்ளினார். "ஏன் தங்கச்சி, பெரிய மனுசன் ஒரு பொய் சொன்னா அதைக் காப்பாத்தத் தெரியாதா உனக்கு? வலியோட வலியாச் சொன்னேன்."

"பொய் சொல்லவும் ஒரு முகம் வேணும்ணே. உங்களுக்கு அது இல்ல."

அவர் சிரிக்கப் போய், தோள் வலித்து நிறுத்தினார். பிறகு, "ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம். போர்டை யாரு பிடிப்பா?" என்றார்.

தலைமையாசிரியை முதலில் தயங்கினார். இரண்டு பெற்றோர் எழுதியே கொடுத்தார்கள், இவளை வாசலில் நிறுத்தாதீர்கள் என்று. அதுவும் நியாயம்தான், அவள் அவர்கள்மேல் கோபப்படவில்லை. சம்பளம் அவருக்கே போகட்டும், எலும்பு கூடுகிறவரைக்கும் நிற்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அதே ஏழு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பி நடந்தே வந்தாள். அவள் வேனில் வந்த குழந்தைகள் இப்போது நாலு திசையிலிருந்து நாலு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். முதல் வரிசைப் பெண் மட்டும் தினமும் ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவாள். பேசமாட்டாள்.

பதினாறு வருடமாகக் கண்ணாடிக்குள்ளிருந்தே வெளியே பார்த்தவள், இப்போது வெளியே நின்று கண்ணாடிகளைப் பார்த்தாள். போர்டைத் தூக்கியதும் எல்லா வண்டிகளும் வரிசையாக வந்து எதிரே நின்றன. எத்தனை விரிசல்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம், பனி விலகிய ஒரு காலை. வெயில் அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் வந்து நின்ற காரின் கண்ணாடியில் மூலையிலிருந்து நடுவரைக்கும் ஒரு கோடு. ஓட்டியவர் யாரோ ஒரு அப்பா. பின்னால் ஒரு குட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். குழந்தைகள் கடந்து முடித்தும் வேன் அக்கா போர்டை இறக்கவில்லை. அவர் கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"என்னங்க, போகலாமா?"

"கண்ணாடி விரிசல் விட்டு எத்தனை நாளாச்சு?"

"அதுவா? சின்னதுதாங்க. பழகிப்போச்சு."

பின்னால் இரண்டு ஹாரன்கள் கேட்டன. அவள் நகரவில்லை.

"தலையை உள்ள எடுத்துக்கிட்டுச் சொல்லுங்க. நான் உங்களுக்கு முழுசாத் தெரியறேனா?"

அவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நேராக உட்கார்ந்தார். பிறகு கழுத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்தார். "தெரியுதே" என்றார்.

"கழுத்தைச் சாய்க்காம சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். வெயில் கண்ணாடியில் நேராக விழுந்தது. அவர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து அவளைத் தேடினார். அவள் போர்டைத் தூக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.