ஊசி போடும் முன் வந்த பதில்

இயேசுவின் அன்பில் இணைந்த சகோதர சகோதரிகளே, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன். கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். இன்று நான்கு லாரி, மாடி வீடு. நம் ஜெப வீட்டுக்குக் கூரை போட்டதும் நான்தான். யார் கையையும் எதிர்பார்த்தவன் இல்லை. அப்படிப்பட்ட என்னைக் கர்த்தர் ஆஸ்பத்திரித் தரையில் முழங்கால் போட வைத்தார்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய், மதியம். மருமகள் எஸ்தருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சந்தேஷ் இனிப்பு வாங்க ஆள் அனுப்பினேன். அதற்குள் ரத்தம் பெருகி ஓடியது. கர்ப்பப்பை சுருங்கவில்லையாம். ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பில் ஏற்றியும் நிற்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தார்.

"வேறு ஊசி போடப் போகிறோம். ஆஸ்துமா உண்டா?"

மகன் கப்பலில். நானே பதில் சொன்னேன். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒரு நோயும் கிடையாது டாக்டர். பார்த்துத்தான் எடுத்தோம்."

அவர் உள்ளே போனார். நான் அந்தத் தரையிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் பலம் இங்கே செல்லாது. எனக்குத் தெரியாதது உமக்குத் தெரியும். காட்டும்" என்று சத்தமாகவே ஜெபித்தேன்.

பக்கத்தில் இருந்த எஸ்தரின் தாய் விம்மினார். "அண்ணாச்சி, சொல்லிருதேன். அவளுக்குச் சின்னதுலேர்ந்தே இழுப்பு உண்டு. பொண்ணு பார்க்க வந்தப்ப, நோய் இருந்தா வேண்டாம்னு சொன்னிய. பயந்து மறைச்சிட்டோம்."

கோபம் பொங்கியது. ஆனால் அவர்கள் வாயை அடைத்தது என் வாய்தானே?

"ஏச மாட்டேன் மைனி. எழும்புங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க" என்று கதவை இரு கையாலும் தட்டினேன்.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றி வைத்திருந்தார். ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சை அடைத்துவிடலாமாம். "இதையா மறைப்பது?" என்று டாக்டரம்மா திட்டினார். உடனே வேறு மாத்திரைகளும் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தும் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது. ஸ்தோத்திரம்!

கண் விழித்த எஸ்தர் முதலில் கேட்டது, "மாமா, அம்மாவ ஏசிட்டியளா?"

இப்போது அவளுடைய இன்ஹேலர் எல்லாரும் பார்க்க மேசை மேல் இருக்கிறது. யார் வீட்டுச் சம்பந்தம் பேசப் போனாலும் நோய் இருந்தால் வேண்டாம் என்று நான் வாய் திறப்பதில்லை. நீங்களும் கர்த்தரிடம் கேளுங்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

சபையில் சாட்சி சொன்ன எஸ்தர் டாக்டருக்கும் தாய்க்கும் நன்றி சொன்னாள். என்னை விட்டுவிட்டாள். மகிமை முழுதும் கர்த்தருக்கே. ஆனால் முழங்கால் போட்டவன் நான், கதவைத் தட்டியவன் நான். அதை நம் சபைப் பத்திரிகையில் போட்டே ஆக வேண்டும். மறைக்க வைத்தவனும் நான்தான். அதையும் போடுங்கள்.